ஷெட்டில் நின்ற ஒரிஜினல்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த மாம்பழக் காந்தம் காணாமல் போய்விட்டது.

அது பிடித்துக்கொண்டிருந்த கேஸ் ரசீது தரையில் கிடக்கிறது. காந்தத்தை மட்டும் காணோம். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். நான் எடுக்கவில்லை. அப்படியென்றால்...?

"நான்தான் எடுத்தேன்," என்றார் என் கணவர். கிழிந்த பனியன் துணியில் காந்தத்தை வைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். "ஆம்பூர்ல கார் பாக்கப் போறோம். நீயும் கிளம்பு."

கார் பார்க்கக் காந்தம் எதற்கு? பஸ்ஸில் போகும்போது விளக்கினார். தகட்டில் காந்தம் ஒட்டும். அடிபட்டு, பட்டி வைத்துப் பூசி, மேலே பெயின்ட் அடித்த இடத்தில் ஒட்டாது. பனியன் துணி, பெயின்ட்டில் கீறல் விழாமல் இருக்க. ஒரு மாதமாக யூடியூபில் இதையேதான் படித்திருக்கிறார். நான் சமையல் வீடியோ பார்க்கிறார் என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன்!

புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்களுக்காக: கணவர் பெயர் தாமோதரன். ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். வரிசையாக வரும் ஷூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தையல் கோணலா? ஒரு அம்பு. பசை வெளியே தெரிகிறதா? இன்னொரு அம்பு. குறை கண்டுபிடிப்பதற்கே முப்பது வருடம் சம்பளம் வாங்கிய மனிதரோடு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். இந்த ஒரு பக்கம் போதாது.

அவருக்கும் ஓர் ஆசை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹைவேயில் சைக்கிள் மிதித்துப் போனவரை ஒரு சிவப்புக் கார் விர்ரென்று தாண்டிப் போனதாம். இரண்டே கதவு. ஜெர்மன்காரன் செய்தது. தோல் வியாபாரத்துக்காக அங்கே போய்வந்த ஆம்பூர் முதலாளி ஒருவர் கப்பலில் வரவழைத்தது. இவர் சைக்கிளை விட்டு இறங்கி, கார் புள்ளியாகும் வரை நின்று பார்த்தாராம்.

கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன் – எனக்கு விளம்பரக் காசா தருகிறார்கள்? ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காரின் பின்பக்கம் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். எழுத்து இருந்தால் அது ரேஸ் எஞ்சின் வைத்த வண்டி. இல்லாவிட்டால் ஆபீஸ் போய்வரும் சாதா வண்டி. உடம்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதே கார் இப்போது விலைக்கு வந்திருந்தது! பெண்ணின் கல்யாணம் முடிந்தது, வீட்டு லோன் முடிந்தது... "இனிமே எனக்குன்னு ஒண்ணு," என்றார். எனக்கே மறுக்க மனம் வரவில்லை.

விற்பவர் ரஹீம் பாய். அந்த முதலாளியின் தம்பி. அவருக்கும் தோல் வியாபாரம்தான். அண்ணன் தவறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வீட்டை ஒட்டிய ஷெட்டுக்குக் கூட்டிப் போய், மூன்று போர்வைகளை ஒவ்வொன்றாக விலக்கினார். சிவப்பு மின்னியது. பின்பக்கம் அந்த எழுத்தும் இருந்தது. என் கணவர் எச்சில் விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"ஆல் ஒரிஜினல் சார். அண்ணன் போறப்ப அதான் சொன்னாரு. ஒரிஜினல்டா, பத்திரமா வெச்சிக்கோன்னு. காவல் காத்துக் காத்து பேஜாராய்ட்டேன். நல்ல கையா பாத்து குடுத்துட்லாம்னு..."

அந்த நல்ல கை, பையில் இருந்து காந்தத்தை எடுத்தது. டார்ச்சை எடுத்தது. அப்புறம்... பழக்க தோஷம்! ஸ்டிக்கர் ரோலையும் எடுத்தது.

இடது கதவில் காந்தம் வழுக்கியது. ஒரு அம்பு. கண்ணாடிகளின் மூலையில் பொடி எழுத்தில் வருடம் அச்சிட்டிருக்குமாம். ஒரு கண்ணாடியில் மட்டும் வேறு வருடம். ஒரு அம்பு. பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம். ஒரு அம்பு. விற்பதற்காகப் பாய் புதிதாகப் போட்டிருந்த நான்கு டயர்களுக்கும் ஆளுக்கொரு அம்பு. அரை மணி நேரத்தில் காருக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

ரஹீம் பாயின் முகம் ஒவ்வொரு அம்புக்கும் சுருங்கியது. ஷூ கம்பெனிகளுக்கு அவர் அனுப்பிய தோல் திரும்பி வரும்போதெல்லாம் இந்தச் சிவப்பு அம்போடுதானே வந்திருக்கும்?

"இன்னா சார், நம்ம காரா, ரிஜெக்ட் மாலா?"

"கோச்சிக்காதீங்க பாய். இதெல்லாம் மைனர். எஞ்சின்தான் மேஜர்."

பானெட்டைத் திறந்தார்கள். மூடி எல்லாம் பளபளவென்று, ரேஸ் வண்டியின் எழுத்தோடு இருந்தது. என் கணவர் குனிந்து, கைவிட்டு, உள்ளே அடிப்பக்கத்தில் பனியன் துணியால் துடைத்தார். அங்கே பொறித்திருந்த எஞ்சின் எண்ணைப் படித்தார். மறுபடி துடைத்தார். மறுபடி படித்தார்.

குறை கிடைத்தால் அவர் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் வரும். என் ரசத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அன்றைக்கு அது வரவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எஞ்சின் மாத்தியிருக்கு. நம்பரப் பாத்தா இது சாதா வண்டியோட எஞ்சின். மேல மூடி மட்டும்தான் பழசு."

"அப்போ வேணாமா?"

"இன்னா இப்டி கேட்டுட்டே? எனக்கு எஞ்சினா முக்கியம்? நான் பாத்த கார் இதுதான். வாங்கிட்லாம்."

அவ்வளவுதானே? பேசாமல் திரும்பிப் போய், "சரி பாய், எடுத்துக்கறேன்," என்று கை குலுக்கியிருந்தால் சாயங்காலம் நாங்கள் காரில் வீடு திரும்பியிருப்போம். ஆனால் முப்பது வருட உத்தியோகம் விடுமா? நேராகப் போனார். ரோலில் இருந்து ஒரு அம்பைக் கிழித்தார். எஞ்சின் மேல் ஒட்டினார்.

"பாய், இது ஒரிஜினல் எஞ்சின் இல்ல."

ரஹீம் பாய் உள்ளே போய் ஆர்.சி. புத்தகத்தோடு வந்தார். எஞ்சினில் இருந்த அதே எண்தான் அதிலும் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது – எஞ்சின் மாற்றியதற்கான பதிவும் சீலும். பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து. பன்னிரண்டு வருடமாக அந்தப் பக்கத்தை அவர் புரட்டியதே இல்லை.

அப்படியே பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. இந்த மனிதருக்கு இந்த வேலை தேவையா என்று கணவரை முறைத்தேன்.

திடீரென்று பாய் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"பன்னண்டு வருஷம் சார்! வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஸ்டார்ட் பண்ணி, சத்தத்த கேட்டுட்டு ஆஃப் பண்ணிடுவேன். எஃப்.சி.க்கு தவிர ரோட்ல எறக்கல. கல்லு பட்டா ஒரிஜினல் போய்டும், கிலோமீட்டர் ஏறுனா மதிப்பு கம்மியாய்டும்னு... எங்க அண்ணன் எவ்ளோ பெரிய பொய்ய சொல்லிட்டுப் போய்ட்டாரு பாருங்க!"

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி நஸீமா அக்கா டீயோடு வந்தார்.

"தட்ட வெச்சிட்டு செருப்ப போட்டுக்கோ. ஏலகிரி போய்ட்டு வர்லாம்."

"இந்தக் கார்லயா? சீட்ல உக்காரவே உட மாட்டீங்களே... எண்ண பட்டுடும்னு?"

"உக்காரு. முறுக்கு எடுத்துக்கோ. சிந்துனா சிந்தட்டும்."

என் கணவர் பதறிப்போனார். "பாய்... நான் வேணாம்னு சொல்லலியே! சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேன்!"

"ஒரிஜினலா இருந்தா குடுத்திருப்பேன் சார். அத காவல் காக்க என்னால முடியாது. இது நம்மள மாதிரி ரிப்பேரான வண்டி. இத நானே ஓட்டிக்கறேன்."

நமக்கும் இந்த நோய் இருக்கிறது, இல்லையா? டி.வி. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. சோபாவுக்குக் கடை பிளாஸ்டிக். ஷோகேஸில் கல்யாணப் பரிசாக வந்த டின்னர் செட், ஒரு நாள்கூடச் சோற்றைப் பார்க்காமல். எதையெல்லாம் உசத்தி என்று நினைக்கிறோமோ, அதையெல்லாம் அனுபவிக்காமல் காவல் காக்கிறோம். எங்காவது ஒரு விரிசல் விழுந்தால்தான் அது நம்முடையதாகிறது.

ரஹீம் பாய் ஸ்டிக்கர்களைப் பிரிக்கக்கூட இல்லை. அத்தனை அம்புகளோடும் கார் கேட்டைத் தாண்டியது. முன்சீட்டில் நஸீமா அக்கா, மடியில் முறுக்கு டப்பா. எங்களைப் பார்த்துக் கையாட்டினார். சாதா எஞ்சின்தான்... ஆனாலும் முனையில் திரும்பும்போது என்னமாய் ஒரு உறுமல்!

கணவர் நடுத்தெருவில் நின்றார். கார் மறைந்த பிறகும் நின்றார். கையில் மாம்பழக் காந்தம்.

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, மெதுவாக என்னிடம் கேட்டார்.

"நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம், இல்ல?"

முப்பது வருடமாக நான் தொண்டை கிழியக் கத்திவந்த விஷயம்... அது அவர் காதில் ஏற, ஜெர்மனியில் இருந்து ஒரு கார் வரவேண்டியிருந்தது!