தியெமின் வாயோ

மருமகளைக் கூப்பிட்டுவிட்டு மாமியார் வாசலைப் பார்க்கிற வீடு, கொரியாவில் தோங்யொங் துறைமுகத்தில் நான் இத்தனை வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீடு. வீட்டுக்காரம்மா மல்சுன் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். சின்ன மகன் யோங்ஷிக் என்னோடு சிப்பிப் படகில் வேலை பார்ப்பவன். அவன் மனைவி தியெம் வியட்நாமிலிருந்து வந்த பெண். மூத்தவன் மான்ஷிக் அப்பாவின் சாவு வீட்டில் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன் போனவன்தான். ஒரு போன்கூடக் கிடையாது.

"ஏ தியெம்!" என்று மல்சுன் கூப்பிடுவார். இவள் சமையலறையிலிருந்து "வாயோ!" என்று கத்துவாள். அந்தம்மா அவசரமாக முடியைக் கோதிக்கொண்டு வாசலைப் பார்ப்பார்.

"யாரு வர்றா?"

"நான்தாம்மா வர்றேன்."

அப்போது அந்த முகம் அப்படியே விழுந்துவிடும்.

இந்த ஊர் மொழியில் 'வா' என்பது நம் வாவேதான். 'கா' என்றால் போ. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. 'காயோ', அதாவது போகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். நிற்கிற இடத்திலிருந்துதானே கிளம்புகிறோம், அந்தக் கணக்கு. 'வாயோ' என்று கத்தினால் வேறு யாரோ வருகிறார் என்று அர்த்தமாகிவிடும். வந்த புதிதில் மேஸ்திரி கூப்பிட்டதற்கு நானும் அப்படிக் கத்தி, முதலாளி வருகிறார் என்று சிப்பிக் கொட்டகையே எழுந்து நின்றிருக்கிறது.

யோங்ஷிக்கைப் பிடித்து ஏசினேன். "ஏன்டா, பொண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லிக்குடுக்க மாட்டியா?"

"விடுங்கண்ணே, அவ சொன்னா கேக்க நல்லாருக்கு" என்று இளித்தான். அம்மா வாசலைப் பார்ப்பது அந்த மடையனுக்கு உறைக்கவேயில்லை.

நானே தியெமிடம் சொன்னேன். அவள் முகம் சுளித்தாள். "நான் அவங்ககிட்டதானே வர்றேன்? போறேன்னு சொன்னா கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்காதா அண்ணா?"

"எங்க ஊர்லயும் போறேன்னா திட்டு விழும். இங்க அப்படித்தான். எங்க ஊர்க் காக்கா 'கா, கா'ன்னுதான் கத்தும். அதை நெனச்சுக்கோ."

மீன் கழுவும்போதெல்லாம் கா, கா என்று சொல்லிப் பார்த்தாள். ஆனால் திடீரென்று கூப்பிட்டால் நாக்கு வாயோவுக்கே ஓடியது. "காயோன்னு சொல்லுடி கழுதை" என்று மல்சுனே படுக்கையிலிருந்து திருத்த ஆரம்பித்தார். பாடம் படிந்தது மாமியாருக்குத்தான். அதன்பிறகு அவர் வாசல் பக்கம் திரும்புவதில்லை, முடியையும் கோதுவதில்லை. எனக்கு ஏன்தான் சொல்லிக்கொடுத்தோமோ என்றிருந்தது.

மல்சுனுடைய வீட்டுக்காரரின் திதி வந்தது. படையலுக்காகத் தியெம் மத்தியானமே மீன் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"தியெம், தண்ணி!"

"வாயோ!"

"இன்னும் வாயோவா? காயோன்னு சொல்லித் தொலையேன்." மல்சுன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

"இல்லம்மா! வாயோ! வாயோ!" கரண்டியும் கையுமாகத் தியெம் உள்ளே ஓடினாள்.

முற்றத்தில் பேரிக்காய்ப் பெட்டியோடு ஒருவன் நின்றான். யோங்ஷிக்கின் அதே மூக்கு. படியேறத் துணிச்சல் இல்லாமல், "அம்மா" என்றான்.

மல்சுன் மெதுவாகத் திரும்பினார். முடி கலைந்து கிடந்தது, அதைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

"வா" என்றார்.

அவன் அழுதுகொண்டே செருப்பைக் கழற்றினான்.

"காயோ, அம்மா. காயோ."