கீறாத தகடு

இதைச் சொன்னால் என் வேலைக்கே ஆபத்து. ஆனாலும் நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

எங்கள் ஆய்வகத்தில் சிலிக்கான் தகட்டின் மேல் கண்ணுக்கே தெரியாத வைரங்களை வளர்ப்போம். முதலில் தகட்டில் வைரப் பொடியைத் தடவி, விரலால் தேய்த்துக் கீறல் போட வேண்டும். பிறகு தகட்டை உலைக்குள் வைத்தால், கீறல் விழுந்த இடத்தில்தான் வைரம் முளைக்கும். கீறாவிட்டால் தகடு மொட்டையாகவே வெளியே வரும்.

எனக்கு முளைப்பதெல்லாம் இரட்டை. இரண்டு படிகங்கள் கோணல்மாணலாக ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். பக்கத்து மேசைக்காரிக்கு மட்டும் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பட்டை தீட்டியதுபோல் வரும். இருந்ததோ ஒரே ஒரு நிரந்தர வேலை. அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

அன்றைக்கு அவளுடைய கடைசிச் சோதனை. அது தேறினால் வேலை அவளுக்கு. பகல் 1.20க்கு அவசரமாக வந்தாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சலாம். ஓடிட்டு வந்துடுறேன். என் தகட்ட நீயே உள்ள வச்சிடுறியா?"

தலையாட்டினேன். அவள் தேய்த்து வைத்திருந்த தகட்டைக் குப்பையில் போட்டேன். கீறாத புதுத் தகடு ஒன்றை உலைக்குள் வைத்து மூடினேன்.

மணி 2.10. ஒரு சத்தம்.

சர்ர்... சர்ர்...

தகட்டைத் தேய்க்கும் சத்தம். தேய்க்கும் மேசையில் யாருமில்லை. அறையிலேயே யாருமில்லை. மெல்ல உலைப் பக்கம் போனேன்.

உள்ளேயிருந்துதான் வந்தது.

உள்ளே எண்ணூறு டிகிரி.

சர்ர்... சர்ர்...

3.25.

நின்றது.

ஐந்தரைக்கு உலையைத் திறந்து, தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வட்டம் வட்டமாக வைரம், விரல் போன தடத்திலேயே. அத்தனையும் இரட்டை. ஒரு பாதி அவளுடையதுபோல் கச்சிதம். அதோடு ஒட்டிய மறுபாதி என்னுடையதுபோல் கோணல். சத்தியமாகச் சொல்கிறேன், பயத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. கீறாத தகட்டில்கூட அவளுக்கு முளைக்கிறதே என்று.

அப்போது அவள் கணவர் போனில் கூப்பிட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் லாரி மோதிவிட்டதாம். 2.10க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். கடைசிவரை நினைவு திரும்பவே இல்லையாம்.

"வலது கை விரல் மட்டும் பெட்ஷீட்ட வட்டமா தேய்ச்சுக்கிட்டே இருந்துச்சுங்க," என்றார். "மூணு இருபத்தஞ்சுக்கு நின்னுச்சு. அப்பவே உயிரும் போயிடுச்சு."

பிறகு அவரே சொன்னார்:

"அந்த விரல் நுனி மட்டும் வெந்து கருகியிருக்குங்க. எப்படின்னு டாக்டருக்கே தெரியல."