எந்த விசாவில் வருகிறான்?

ஷார்ஜாவில் ஜூன் மாதக் காலைகளில் ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வேர்க்கும். ஏழாவது மாடியிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடங்களுக்குக் கால் இருக்காது. வெள்ளைப் புழுக்கத்தில் மிதந்துகொண்டிருக்கும். இரண்டாயிரங்களின் நடுவில், பதிமூன்று வயதில், அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் என் முதல் நாவலை எழுதினேன்.

மணலுக்கு நடுவே ஒரு கண்ணாடி நகரம். அங்கே பையன்களுக்குப் பதினெட்டு வயதானால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பெண்கள் கல்யாணமாகும்வரை உள்ளே இருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் இங்கிலீஷ் மிஸ் அந்த வருஷம்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். அதை வகுப்பில் வாசித்துவிட்டு, இவ்வளவு கொடூரமான உலகத்தை எப்படிக் கற்பனை செய்தாய் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே சிரித்தது. அது கற்பனை இல்லை மிஸ், விசா என்றாள் பின்பெஞ்சுக்காரி ஒருத்தி. அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

அவள் சொன்னது உண்மை. என் அண்ணனுக்கு ஆகஸ்டில் பதினெட்டு. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. "ஜூலைல இவனுக்கு கேன்சல் அடிச்சிடலாம்" என்று அப்பா, பால் வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னார். அப்பாவின் விசாவிலிருந்து அண்ணனின் பெயரை எடுப்பதற்கு அதுதான் எல்லோரும் சொல்லும் வார்த்தை. அவன் பிறந்தது இங்கே. கோயம்புத்தூர் அவனுக்கு லீவுக்குப் போகும் ஊர், அவ்வளவுதான்.

கதாநாயகனைக் கடைசி அத்தியாயத்தில் எப்படியாவது திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். கதையில் அவன் வந்துவிட்டால் அண்ணனும் வந்துவிடுவான், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் பதிமூன்று வயது இருந்திருக்கும்.

கிளம்பும் நாள் காலையில், பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் நோட்டைக் கொடுத்தேன். முடிவில் கதாநாயகன் மணலைக் கடந்து வந்து தன் வீட்டுக்குள் நுழைகிறான். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தான்.

"சரி, எந்த விசாவுல வர்றான்?" என்றான், கிண்டலாகத்தான்.

"விசிட்லதாண்ணா."

சிரித்தான். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான். "அப்ப அவன் விருந்தாளியா?"

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

டிசம்பரில் விசிட் விசாவில் வந்தான். ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்த அப்பா காரை நிறுத்த இடம் தேடிப் போக, அவன் மட்டும் முதலில் மேலே வந்துவிட்டான். பெல் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் எங்கள் வீட்டுச் சாவி. அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவன் பெல் அடித்ததே இல்லை.

ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கதவை அகலத் திறந்து, ஒதுங்கி நின்று, "வாண்ணா, உள்ள வா" என்றேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம்.