கார்ட்ரிட்ஜ் டப்பாவில் என் கையெழுத்து

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம் எனக்கென்று நான் வாங்கிக்கொண்டது ஒரே ஒரு பொருள்தான். வீட்டிலேயே போட்டோ பிரிண்ட் போடுகிற பிரிண்டர். முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஊரார் பாலிசிகளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவளுக்கு, கடைசியில் ஊரார் முகங்களைப் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. செம்பூரில் எங்கள் கட்டிடத்தில் எல்லோருடைய போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடக்கின்றன. கையில் எடுத்துப் பார்க்க ஒன்றுகூடக் கிடையாது. நான் ஒவ்வொருவராகப் பிடித்து நல்ல படமாக ஒன்றை அனுப்பச் சொல்லி, பளபளப்பான தாளில் போட்டுக் கொடுத்தேன். வாட்ச்மேனுக்கு ஒன்று, இரண்டாம் மாடிக் குழந்தைக்கு ஒன்று, மாட்டுங்கா மார்க்கெட்டில் எனக்கென்று வாழைப்பூ எடுத்து வைக்கிற அம்மாளுக்கு ஒன்று. வாங்கிக்கொண்டவர்கள் யாரும் உடனே பையில் வைப்பதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதைப் பார்க்கத்தான் நான் இந்த வேலையைச் செய்தேன்.

என் கணவருக்கும் பிரிண்டர் பிடித்துத்தான் இருந்தது. அவருக்குப் பிடிக்காதது இங்க். ரயில்வேயில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவர். தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் இருக்கிற மைக்கு அத்தனை விலையா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆச்சரியப்படுவார். தாராவியில் காலி கார்ட்ரிட்ஜில் மை ரொப்பித் தருகிறார்கள், அதே நிறம்தான் வருகிறது என்பார். கம்பெனியின் ஒரிஜினலைத் தவிர வேறு எதையும் என் பிரிண்டருக்குள் விட மாட்டேன் என்பேன் நான். இட்லியா தோசையா என்பதில்கூட நாங்கள் இவ்வளவு சண்டை போட்டதில்லை.

ஒரிஜினல் பத்து நாள்கூட வராது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். புது கார்ட்ரிட்ஜ் போடும்போதெல்லாம் அதன் அட்டை டப்பாவின் உள்மடிப்பில், என்றைக்குப் போட்டேன், அதில் வந்த முதல் படம் எது என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைப்பேன். மை தீரும்வரை டப்பா அலமாரியில் இருக்கும். தீர்ந்ததும் குப்பைக்குப் போகும். எழுதுவது தமிழில். அதற்குக் காரணம் உண்டு. அவர் பிறந்து வளர்ந்தது வடாலாவில். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். என் குறிப்பை அவர் வாசித்து முடிப்பதற்குள் நான் அடுக்களைக்குப் போய்க் காப்பி கலந்துவிடலாம்.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் மேல்வீட்டு மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மாட்டுங்காவில் ஹால் எடுத்திருந்தார்கள். ஹால் வாசலில் வைக்க, மாமாவும் மாமியும் சேர்ந்து நிற்கிற பெரிய படம் ஒன்று போட்டுத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மொட்டை மாடியில் சாயங்கால வெயிலில் நானே எடுத்த படம். மாமி அரக்குப் பட்டு, மாமா சந்தன நிறச் சட்டை. பிரிண்ட் போட உட்கார்ந்தால் மெஜந்தா தீர்ந்துபோயிருந்தது. மெஜந்தா என்பது ஒரு மாதிரி ரோஜாச் சிவப்பு. அது இல்லாவிட்டால் மனித முகத்தில் ரத்த ஓட்டமே தெரியாது.

நான் வழக்கமாக வாங்குகிற மாட்டுங்கா கடையில் ஸ்டாக் இல்லை என்றார்கள். விசேஷத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. எங்கள் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த வேறொரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து பிளாஸ்டிக் உறை சுற்றிய டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். அதில் ஒரிஜினலுக்கு அடையாளமான மின்னுகிற ஸ்டிக்கர் இருந்தது. இப்படிச் சாய்த்தேன், அப்படிச் சாய்த்தேன், நிறம் மாறியது. பில் கேட்டேன், மறு பேச்சில்லாமல் கொடுத்தார். தலைநிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

கார்ட்ரிட்ஜைப் பொருத்தியதும், இது ஒரிஜினல்தானா என்று பிரிண்டர் திரையில் ஒரு கேள்வி வந்தது. என்னையே சந்தேகப்படுகிறாயா என்று ஆமாம் பட்டனை அழுத்தினேன். படம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. வானம் சரியாகத்தான் இருந்தது. அடுத்து மாமாவின் நெற்றி வந்தது, பச்சை. மாமியின் கன்னம் அதைவிடப் பச்சை. அரக்குப் பட்டு வாடின கறிவேப்பிலை நிறத்தில் இருந்தது. இரண்டு பேரும் புதினாச் சட்னியில் முக்கி எடுத்த மாதிரி இருந்துகொண்டு, என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்கள்.

என் கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு, "ஒரிஜினல்தானே?" என்றார்.

பிரிண்டரை இரண்டு தடவை சுத்தம் செய்ய விட்டுப் பார்த்தேன். இன்னும் நன்றாகப் பச்சையாக வந்தது. கம்பெனிக்குப் புகார் எழுதலாம் என்று, நம்பர் எங்கே இருக்கிறது என்று பார்க்க டப்பாவை முழுக்கப் பிரித்தேன். உள்மடிப்பில் நீல பால்பாயின்டில் இரண்டு வரி தமிழ் இருந்தது. புள்ளிக்குப் பதில் குட்டிக் குட்டியாக வட்டம் போடுவது என் பழக்கம். அந்த வட்டங்கள் அப்படியே இருந்தன.

"மெஜந்தா. போட்டது ஆடி வெள்ளி. முதல் படம்: இவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது."

நான் குப்பைக்கு அனுப்பிய என் டப்பாதான், சீல் வைத்துக்கொண்டு என்னிடமே திரும்பி வந்திருந்தது.

கோபம் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கூடத்துக்குப் போய், "ஏன்னா, கார்ட்ரிட்ஜ் டப்பாவெல்லாம் குப்பையிலதானே போடறேள்?" என்று கேட்டேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலேயே பதில் சொன்னார். பழைய பேப்பர் எடுக்க வருகிற ரத்திவாலா, காலி கார்ட்ரிட்ஜ் இருந்தால் டப்பாவோடு கொடுங்கள், கிழிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறான். பதிலுக்கு, தன்னிடம் வருகிற பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பாமல் இருப்பவற்றைப் பொறுக்கி இவருக்குத் தந்திருக்கிறான். கட்டிலுக்கடியில் ஒரு கட்டு இருந்தது. ஒரு வருஷமாக என் ஒரிஜினல் டப்பாக்களைக் கொடுத்து இவர் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கையில் இருந்த அட்டையை நீட்டினேன். எழுத்தை அவர் வாசிக்கவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடைக்காரர் அசரவில்லை. கம்பெனியிலிருந்து சீலோடு வந்த சரக்கு, நான் கைகூட வைக்கவில்லை என்று இந்தியில் சொன்னார். உள்ளே என் எழுத்து இருக்கிறதே என்றேன். கம்பெனியில் தமிழர்களும்தானே வேலை செய்கிறார்கள் என்றார். அதற்குள் கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்ற மூன்று பேரும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள் என்றார் ஒருவர். இந்த அம்மா வாசித்தால் எதை வேண்டுமானாலும் வாசிப்பார், வேறு யாராவது வாசிக்கட்டும் என்றார் கடைக்காரர்.

என் கணவர் கையை நீட்டினார். நான் அட்டையைக் கொடுக்கத் தயங்கினேன். அவர் பிடுங்கிக்கொண்டார்.

எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் தமிழ் வாசித்து நான் கேட்டது கல்யாணப் பத்திரிகைகளில் ஊர்ப் பெயர் மட்டும்தான். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஆரம்பித்தார். மெஜந்தாவைத் தாண்டினார். ஆடி வெள்ளியில் கொஞ்சம் தடுமாறினார். "மு, த, ல். முதல். ப, ட, ம். இவர். வா, யை, வாயைத் திற, ந்து..." அங்கே நின்றுவிட்டார். மிச்சத்தை மனசுக்குள் வாசித்தார் போலிருக்கிறது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பிறகு அவர் எல்லோரையும் பார்த்து, ஸ்டோர்ஸில் ஆடிட் அதிகாரிகளிடம் பேசுகிற குரலில், இது என் மனைவி எழுதியதுதான், நான் தூங்குகிற படத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள், இதைக் கம்பெனிக்காரன் எழுத முடியாது என்று இந்தியில் சொன்னார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கடைக்காரரே சிரித்துவிட்டார்.

சிரித்ததும் ஆள் மாறிவிட்டார். தாராவியில் மை ரொப்புகிற ரீஃபில்காரன்தான் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று சொல்லி அவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து இந்தியில் திட்ட ஆரம்பித்தார். நான் நடுவில் புகுந்து தமிழில் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் குரல் உடனே திருநெல்வேலித் தமிழுக்கு மாறியது.

"யக்கா, நான் ரீஃபில்தான் பண்ணுதேன், ஒளிவு மறைவு கெடையாது. ஒவ்வொண்ணுலயும் வெள்ளை ஸ்டிக்கர்ல ரீஃபில்னு எழுதி ஒட்டித்தான் குடுக்கேன். டப்பா, சீலு, மினுங்குத ஸ்டிக்கரு எல்லாம் அவரு வேல. ரத்திவாலாட்ட டப்பா வாங்குததும் அவருதான். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. எனக்கு வாடிக்கை போயிரும்."

முகம் பச்சையாக வருவதைச் சொன்னதும்தான் போனில் இருந்தவருக்கு நிஜமாகவே வருத்தம் வந்தது. அது பழைய மையாக இருக்கும், கடைக்காரர் வாங்கி ரொம்ப நாள் வைத்து விற்றிருக்கிறார், என்னிடம் நேராக வந்திருந்தால் நல்ல மையாக ரொப்பித் தந்திருப்பேனே என்று மூன்று தடவை சொன்னார். என் கணவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

என்ன சொல்கிறான் என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். உங்களை ரொம்ப நாணயமானவர் என்கிறார், கேட்டால் பணத்தை உடனே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள் என்கிறார் என்றேன். கடைக்காரர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கல்லாவைத் திறந்து கொடுத்துவிட்டார்.

கம்பெனியின் சொந்த டீலர் ஒருவர் சான்பாடாவில் இருப்பதாக மாட்டுங்கா கடையில் சொல்லியிருந்தார்கள். தூரம் என்று நான்தான் விட்டிருந்தேன். அப்படியே இரண்டு பேரும் ஹார்பர் லைன் ரயில் பிடித்தோம். மத்தியான வேளை, உட்கார இடம் கிடைத்தது. என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடலைத் தாண்டுகிற வாஷிப் பாலத்தில் வண்டி ஏறியதும், "அந்தப் படத்தைக் காட்டு" என்றார்.

போனில் எடுத்துக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"போடறதுக்கு வேற படமே கிடைக்கலியா நோக்கு?"

"ஆபரேஷன் ஆகி ஆத்துக்கு வந்தப்புறம் நீங்க ஒரு வாரம் தூங்கவே இல்லை. நானும் தூங்கலை. அன்னிக்கு மத்தியானம்தான் நன்னா தூங்கினேள். பார்க்க நிம்மதியா இருந்தது. போட்டு வெச்சுண்டேன்."

கடல் முடிந்து வாஷி வரும்வரை போன் அவர் கையில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கும்போது, "பல்லெல்லாம் நன்னாத்தான் இருக்கு" என்றார்.

சான்பாடா டீலர் எங்கள் கண்ணெதிரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாங்கள் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு, காலி டப்பாவைக் கிழித்துத்தான் போட வேண்டும் என்றார். அன்றைக்கே படம் போட்டேன். மாமியின் பட்டு அரக்காகவே வந்தது. மாமாவின் நெற்றியில் ரத்தம் ஓடியது. இந்தத் தடவை மை தீரும்வரை காத்திருக்காமல் டப்பாவை என் கணவரே நாலாகக் கிழித்தார், கொஞ்சம் வருத்தத்தோடு.

விசேஷத்தன்று ஹால் வாசலில், பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் படத்தை வைத்தார்கள். மாமி பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தவர் முகம் சரியாக இல்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, காதுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்குச் செம்பட்டையாகத் தெரிகிறதே, டை அடித்தது எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்றார். நிஜமாகவே தெரிந்தது. வெயிலில் எடுத்த படம், ஒரிஜினல் இங்க். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

வேறு வழி தெரியாமல் மாமா படத்தை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். வருகிறவர்களை எல்லாம் கை கூப்பி, வாங்கோ வாங்கோ என்று உள்ளே அனுப்பினார். அறுபது வயதில், தன் விசேஷத்திலேயே, வாசலில் நின்று ஒருவர் விடாமல் வரவேற்கிறாரே, என்ன பணிவு என்று பந்தியில் பேசிக்கொண்டார்கள். சாஸ்திரிகள் மூன்று தடவை ஆள் அனுப்பிய பிறகுதான் அவர் அந்த இடத்தை விட்டு நகர்ந்தார்.