பக்கத்து வீட்டு மீன் தலை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஐப்பசி மாதத்தில், திண்டிவனத்தில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் நடந்தது இது. எங்கள் பூனை அடிக்கடி வாந்தி எடுக்க ஆரம்பித்தது. பூனை என்றால் முடியைக் கக்கத்தான் செய்யும் என்று துடைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வாந்தி நிற்கவில்லை. குடித்த தண்ணீரைக்கூடக் கக்கியது. தடவும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்ட அன்றுதான் பயம் வந்தது.

பயம் வந்தால் பழி போட ஓர் ஆள் வேண்டுமே! பக்கத்து வீட்டு அக்கா அகப்பட்டார். ஊரிலிருந்து வந்த, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை வராந்தாவில் அடுக்கியிருந்தார். மூட்டை இருந்தால் எலி வரும், எலி வந்தால் மருந்து வைப்பார்கள் என்று என் புத்தி ஓடியது. போதாததற்கு, மீன் கழுவும்போதெல்லாம் தலையை எங்கள் பூனைக்குப் போடுகிறவரும் அவர்தான். வாசலில் நின்று, காம்பவுண்டே கேட்க, "எலி மருந்து வெச்ச கையால எம் பூனைக்குத் தீனி போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போனது. "நான் மருந்தே வெக்கலம்மா. விழுப்புரத்துல பூனைக்குப் பாக்கற டாக்டரு இருக்காரு. அத்தத் தூக்கிக்கினு ஜல்தி கெளம்பு" என்றார்.

பூனையைப் பைக்குள் போடத் தெரியாமல் நான் திண்டாடியதைப் பார்த்து, அவரே தன் பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வழியெல்லாம் பூனையிடம் மட்டும், "தோ வந்துடுச்சு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டர் பூனையின் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு நூல் சுற்றியிருந்தது. மறுமுனை குடலுக்குள் போயிருக்கும் என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பரோட்டா வாங்கும்போது சால்னா கவரைக் கட்டித் தருவார்களே, அந்த நூல். அதை அவிழ்த்து, குழம்பு வாசனையோடு அடுப்படியிலேயே போடுகிறவள் நான்தான்.

ஆபரேஷன் செய்து நூலை எடுத்தார்கள். பூனை பிழைத்துக்கொண்டது. திரும்பும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். "உசுரு பொழைச்சுதே, வுடு" என்றார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. அக்கா இப்போதும் என்னிடம் சிரித்துப் பேசுகிறார். பூனை மடியில் ஏறினால் தடவிக் கொடுக்கிறார். ஆனால் மீன் கழுவும்போது அது காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தினாலும் ஒரு துண்டு போடுவதில்லை. "உங்க வூட்ல போயி துன்னு ராஜா" என்று சொல்லிவிட்டுத் தலைகளை வாரிக் குப்பையில் கொட்டிவிடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறைக்கிறது. பழியைக் காம்பவுண்டே கேட்கும்படி சொன்ன நான், மன்னிப்பை மட்டும் எங்கோ ஒரு பஸ் ஸ்டாண்டில் அவர் காதோடு கேட்டிருக்கிறேனே!