சுவரில் நான் அடைத்த மூன்று குழாய்கள்

தயவு செய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். படித்ததும் அழித்துவிடுங்கள். ஹாஸ்டலில் என்னோடு இருந்த உங்கள் மூன்று பேரை விட்டால் எனக்குச் சொல்ல ஆளில்லை. இங்கே மலை மேல், எங்கள் வாழவந்தி நாட்டில் ஒருவருக்குத் தெரிந்தாலும் அப்பா காதுக்குப் போய்விடும்.

பச்சை மிளகு வெயிலில் கறுக்கும்போது ஒரு வாசனை வரும்... மூக்கில் ஏறித் தொண்டையில் நிற்கும். போன பங்குனியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் முழுக்க அதுதான். மேட்டை வெட்டிக் கட்டிய கருங்கல் சுவரின் அடியில், தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருந்தோம்.

அந்தச் சுவர் மலையடிவாரத்துக் காரவள்ளி மேஸ்திரி மாமா கட்டியது. மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற மூன்று குழாய்த் துண்டுகள் வைத்திருந்தார்.

ஒரு ராத்திரி மழை பெய்தது. மறுநாள் முழுக்கக் குழாய்கள் ஒழுகின. தண்ணீர் பாய்க்கு ஓடி வந்தது.

"தண்ணி வந்தா பாய நவத்திப் போடு சாமி, மறந்துறாத" என்று சொல்லிவிட்டு அம்மா காட்டுக்குப் போனார்.

நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து எழுந்து நகர்த்தச் சோம்பல். களிமண்ணைப் பாலித்தீன் பையில் உருட்டி, மூன்று குழாயிலும் திணித்தேன். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று...

மறந்தே போனேன்.

ஐப்பசி மழையில் சுவர் விழுந்தது. விழுந்தது குழாய் இருந்த பக்கம் அல்ல. எதிர்க் கோடியில், சுவர் குட்டையாக மெலிந்து முடிகிற இடத்தில். ஆட்டுப்பட்டி மேலேயே விழுந்தது. இரண்டு ஆடுகள் செத்துப்போயின.

நான் ஓடிப்போய் முதலில் பார்த்தது ஆடுகளை அல்ல, குழாய்களை. அந்தப் பக்கம் ஒரு கல்கூட அசையவில்லை. அப்பாடா, நம்மால் இல்லை என்று நினைத்தேன்.

மேஸ்திரி மாமாவை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் அப்பா கேட்டார்: "சிமெண்ட்ட எந்த ஊட்டுக்கு ஓட்டுனீங்க மேஸ்திரி?"

"சத்தியமா கலவ சரியாத்தானுங்க போட்டேன்."

"பொறவு எப்பிடிங்க உழுவும்?"

டீக்கடையில் புதுசாக ஒரு கேலி கிளம்பியது. "மேஸ்திரி கட்டுன செவுத்தோரம் தும்மிராதீங்கடா!" நானும் அதற்கு ஒரு தடவை சிரித்திருக்கிறேன்.

கார்த்திகையில் அறிவியல் கண்காட்சி. கீழே, காரவள்ளிப் பக்கத்துப் பள்ளியில். எனக்குக் கொடுத்த தலைப்பு, கடலுக்கு அடியில் உள்ள சரிவுகள் ஏன் சரிகின்றன என்பது. "கடலயே பாக்காதவ கடலுக்கு அடியில நடக்கறத சொல்றா பாரு" என்று என் கூட்டாளி செல்வி கிண்டலடித்தாள்.

மீன் தொட்டியில் மணல் பரப்பி, மேலே களிமண்ணால் மூடியிருந்தோம். ஒரு பக்கம் கனமாக, மறுபக்கம் சரிந்து மெல்லிசாக. கனமான பக்கத்து மணலுக்குள் ஒரு ட்யூப். அதில் தண்ணீர் விட வேண்டும்.

ட்யூபில் தண்ணீர் விட்டுக்கொண்டே, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். கடல் தரையில் மண் படியும்போது தண்ணீரும் நடுவில் சிக்கிக்கொள்ளும். மேலே களிமண் வேகமாகக் குவிந்தால் அதற்கு வெளியே போக வழி இருக்காது. மேலே உள்ள பாரத்தைத் தண்ணீரே தாங்க ஆரம்பிக்கும், மண்ணின் பிடி தளரும். அந்த அழுத்தம் மணல் வழியாகப் பக்கவாட்டில் நகரும். பாரம் உள்ள இடம் அப்படியே நிற்கும். தூரத்தில், களிமண் மூடி மெல்லிசாக இருக்கிற இடம்தான்...

அங்கே நின்றுவிட்டேன். என் கண் முன்னாலேயே மெல்லிய பக்கம் உப்பி, விரிந்து, வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் விட்ட பக்கம் அசையவே இல்லை.

நிமிர்ந்தால் எதிரே மேஸ்திரி மாமா. அவர் மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள்.

"ஏங்கண்ணு, இந்தப் பக்கம் தண்ணி உட்டா அந்தப் பக்கமில்ல புட்டுக்குது?"

"ஆமாங்க மாமா."

"உங்கூட்டுச் செவுரும் இப்பிடித்தான் போயிருக்கோணும். ஆனா நான் கொழாய் வெச்சிருந்தனே... தண்ணி வெளிய போயிருக்கோணுமே கண்ணு?"

டீச்சரிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டார்.

"தெரியலீங்க மாமா" என்றேன்.

எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், யாரும் இல்லாத நேரம் பார்த்து, மூன்று உருண்டைகளையும் பிடுங்கினேன். செந்தண்ணீர் என் காலில் கொட்டியது. உருண்டைகளைப் புதரில் வீசிவிட்டேன். அவர் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

சுவர் விழுவதற்கு முன்பெல்லாம் அவர் பைக் சத்தம் கேட்டாலே டீயோடு ஓடுவேன். "பரிச்சயில எத்தன கண்ணு? நம்ம செவுரு மாதிரி நேரா நிக்குதா மார்க்கு?" என்பார். இப்போது பஸ்ஸில் அவரைப் பார்த்தால், மலைப்பாதையின் எழுபது வளைவும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வருகிறேன். அவரோ, "பாப்பாவுக்கு எடம் உடுங்க" என்று சொல்லித் தானே எழுந்து இடம் தருகிறார்.

இரண்டு மாதமாக மலை மேல் அவருக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. நாளை காலை ஊர்க் கூட்டம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தடுப்புச் சுவர் யார் கட்டுவது என்று பேசப்போகிறார்கள். "அந்தாளுக்கு மட்டும் குடுக்க உடமாட்டேன்" என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். நான் தலை குனிந்து சோறு பிசைந்தேன்.

அப்பாவிடம் கூட்டத்துக்கு முன்னால் சொன்னால்தான் உண்டு. அதற்கப்புறம் சொன்னால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போயிருக்கும். தெரிந்தும் நான் இங்கே உட்கார்ந்து உங்களுக்கு

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"கண்ணு, இன்னும் தூங்கலையா? உள்ளார என்ன பண்ற?"

அப்பா. இதை இப்படியே அனுப்பிவிட்டு, நான் கதவைத் திறந்து குழாயைப் பற்றி அவரிடமே சொல்லப்போகிறேன்.