பாட்டில் ரொம்பின தோப்பு

எனக்குக் கோவம் வந்தா கத்த மாட்டேன். வாய மூடிக்குவேன். அதுதான் என்கிட்ட இருக்கிற பொல்லாத்தனம்னு எங்கம்மாவே சொல்லும்.

திண்டிவனம் பக்கத்து மாந்தோப்புங்கள்ல பழ ஈயை எண்ணுறது என் வேலை. தோப்புக்கு நாலு பிளாஸ்டிக் பாட்டில், ஓட்டை போட்டது. உள்ள மருந்துல ஊறின கட்டைத் துண்டு. வாசனைக்கு ஈ வந்து உழுந்து சாவும். வாராவாரம் கழட்டி, வெள்ளைப் பேப்பர்ல கொட்டி, எண்ணி, வெளிநாட்டுக்குப் பழம் அனுப்புற கம்பெனிக்கு எழுதணும். தோப்புக்காரங்களுக்கு வெவரம் சொல்றதும் என் வேலைதான்.

முகையூர்க்காரர் ஒருத்தர், பெங்களூர்ல வாட்ச்மேன் வேலையை உட்டுட்டு வந்து தோப்பு குத்தகைக்கு எடுத்திருந்தார். பொண்டாட்டியோட அங்கியே கொட்டாய் போட்டுக்கினு இருந்தார். இந்த மகசூல் கம்பெனிக்குப் போனாத்தான் அடுத்த வருஷமும் தோப்பு அவருக்குன்னு ஓனர் சொல்லிட்டார். இல்லன்னா மறுபடியும் பெங்களூர் போய் கேட்டுல நிக்கணும்.

மொதல் நாள் நான் பாட்டில் கட்டினப்போ நாலு ஆளுங்க முன்னாடி கேட்டார்: "ஏம்மா, வீட்ல ஆம்பள இல்லியா? ஈ ஓட்றதுக்கு உன்னை அனுப்பிட்டானா?" எல்லாரும் சிரிச்சாங்க. என் புருஷன் செத்து அப்ப ஆறு மாசம்கூட ஆவல. அவருக்குத் தெரியாதுதான். தெரியாட்டி என்ன? உடம்பெல்லாம் எரிஞ்சிது.

மூணாவது வாரம் பாட்டில் ரொம்பிப் போச்சி. எண்ணி மாளல. மனுஷன் குதிச்சார். "பாத்தியா தங்கச்சி! அத்தினியும் மாட்டிக்கிச்சி. இனிமே நம்ம தோப்புல ஈயே கெடையாது!"

அப்ப நான் சொல்லியிருக்கணும். அந்த மருந்துக்கு வர்றது ஆண் ஈ மட்டும். காய்ல முட்டை வெக்கிற பொட்டை ஈ பாட்டில் பக்கமே வராது. பாட்டில் ரொம்புதுன்னா தோப்புல ஈ மண்டிக் கெடக்குதுன்னு அர்த்தம். உழுந்த பழத்துக்குள்ளதான் புழு வளந்து மறுபடி ஈயாவும்; அதையெல்லாம் ஜல்தியா பொறுக்கி, குழி தோண்டிப் பொதைக்கணும். பக்கத்துத் தோப்புக்காரங்களுக்கெல்லாம் தொண்டை கிழியச் சொன்னேன். இவர்கிட்ட, "ஆமாண்ணே, நல்லா மாட்டுது"ன்னுட்டு வண்டியை எடுத்தேன். மரத்தடியில அழுகின பழம் பரவிக் கெடந்திச்சி. ஒவ்வொரு வாரமும் அதை மிதிச்சிக்கினுதான் போனேன். பொய் சொல்லுவானேன், மனசு குளுகுளுன்னு இருந்திச்சி.

பழம் பறிச்ச அன்னிக்கி கம்பெனி ஆளு லாரிகிட்டயே ஒண்ண எடுத்து வெட்டினான். புழு. இன்னொண்ணு வெட்டினான். புழு துள்ளி அவன் செருப்புல உழுந்திச்சி. பத்து பழம் வெட்டிப் பாத்துட்டு, கத்தியைத் தொடைச்சிக்கினு லாரியைக் காலியாவே திருப்பச் சொல்லிட்டான்.

அவர் என்கிட்ட ஓடியாந்தார். "தங்கச்சி, பாட்டில் ரொம்பித்தானே இருந்திச்சி? எங்க தப்பாச்சி?"

அப்பதான் சொன்னேன். ஆண் ஈ, பொட்டை ஈ, உழுந்த பழம், குழி, எல்லாத்தையும் ஒண்ணு விடாம. அவர் முகம் செத்துப்போச்சி. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேனே அண்ணே. நீங்கதான் காதுல வாங்கல."

கூசாம சொன்னேன். நான் பொய் சொல்லுவேன்னு அந்த மனுஷனுக்குத் தோணவே இல்ல. பொண்டாட்டி பக்கம் திரும்பி, "தங்கச்சி சொல்லித்தான் இருக்குது. நான்தான் மறந்துட்டேன்"னார். அந்தம்மா வெட்டின பழத்தை எடுத்து அவர் மூஞ்சியிலயே அடிச்சிது. அவர் தொடைச்சிக்கக்கூட இல்ல.

நான் பாட்டிலைக் கழட்டி, வெள்ளைப் பேப்பரை விரிச்சி, அந்த வாரத்து ஈயை எண்ண ஒக்காந்தேன்.